சேண்டி டென்னி: குழுவோடு வாழ்ந்த குரல்

இங்கிலாந்தின் 'மெலடி மேக்கர்' இசை வார இதழ் ஆண்டுதோறும் தன் வாசகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தும். 1970இல் பிரிட்டனின் சிறந்த பாடகியாக அதன் வாசகர்கள் தேர்ந்தெடுத்தது சேண்டி டென்னியை. 1971இலும் அவரையே. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. இப்படித் தொடர்ந்து முதலிடம் பெறும் ஒருவரின் இசைத்தட்டுகள் கடைகளில் நிற்காமல் விற்றிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது வேறு. அவர் தன் பெயரில் வெளியிட்ட நான்கு ஆல்பங்களில் முதலாவது மட்டும் விற்பனைப் பட்டியலில் 31ஆம் இடம்வரை போனது. மற்ற மூன்றும் பட்டியல் பக்கமே வரவில்லை. நான்காவது வெளிவந்த கையோடு இசைத்தட்டு நிறுவனம் அவரைக் கைகழுவியது. அடுத்த ஆண்டு, 31 வயதில், அவர் இறந்துபோனார்.

இந்தக் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மதுவையும் அகால மரணத்தையும் முன்னால் வைத்து, பின்னோக்கிப் படிக்கிறார்கள். ஆரம்பத்திலிருந்தே அவர் தலையில் ஏதோ எழுதியிருந்தது போல. மது இருந்தது உண்மை, அதன் கேடும் உண்மை. ஆனால் 1969இல் உச்சத்தில் இருந்த ஒரு பாடகி 1977இல் ஒப்பந்தம் இல்லாமல் நின்றதற்கு அது மட்டும் விளக்கம் ஆகாது. அவருடைய குரல் எந்தச் சூழலில் மலர்ந்தது, இசை வணிகம் அதை எந்தச் சூழலில் விற்க நினைத்தது என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பல விஷயங்கள் தெளிவாகின்றன.

அலெக்சாண்ட்ரா எலீன் மெக்லீன் டென்னி என்பது முழுப்பெயர். 1947 ஜனவரி 6 அன்று தென்மேற்கு லண்டனில், விம்பிள்டனை ஒட்டிய பகுதியில் பிறந்தார். தந்தைவழிக் குடும்பம் ஸ்காட்லாந்தைச் சேர்ந்தது. பாட்டி கேலிக் மொழிப் பாடல்களைப் பாடக்கூடியவர். சிறுமியாக இருந்தபோது முறையாகப் பியானோ கற்றார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் லண்டன் பிராம்ப்டன் மருத்துவமனையில் செவிலியர் வேலை, பிறகு 1965இல் கிங்ஸ்டன் கலைக் கல்லூரி. இரண்டிலும் நீடிக்கவில்லை. கல்லூரிக் காலத்திலேயே மாலையில் கிளப் மேடைகளில் பாடத் தொடங்கிவிட்டார்.

அந்த கிளப்புகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அறுபதுகளின் லண்டனில் நாட்டுப்புறப் பாடல் கிளப் என்றால் பெரும்பாலும் மதுக்கடையின் மாடி அறை அல்லது ஒரு நிலவறை. நாற்காலிகள், புகை, ஒலிபெருக்கி இல்லாத மேடை. அவற்றில் இரண்டு மரபுகள் மோதிக்கொண்டிருந்தன. நாட்டுப்புறப் பாடகர் இவான் மெக்கால் நடத்திய கிளப்பில் பாடகர் தன் சொந்த நிலத்தின், சொந்த மொழியின் பாடலை மட்டுமே பாட வேண்டும் என்று விதி. லண்டன்காரர் அமெரிக்கப் பருத்திக்காட்டுப் பாடலைப் பாடக் கூடாது. இதற்கு நேர்மாறாக, சோஹோவின் கிரீக் தெருவில் 1965இல் திறந்த 'லே கசன்ஸ்' நிலவறையில் விடிய விடிய யார் எதை வேண்டுமானாலும் பாடலாம். சொந்தமாக எழுதிய பாடல்களுக்கும் அங்கே இடம் உண்டு. டென்னி அந்த இரண்டாவது வகை இடங்களில் வளர்ந்தவர். ஆனால் பழைய பாடல்களை எப்படிப் பாட வேண்டும் என்ற முதல் வகையினரின் ஒழுக்கத்தையும் உள்வாங்கிக்கொண்டார். பாடுகிறவர் கதாபாத்திரமாக நடிக்கக் கூடாது, அழுகையைக் குரலில் ஏற்றக் கூடாது, கதையை அதன் போக்கில் விட வேண்டும் என்பது அந்த ஒழுக்கம். பின்னால் மின்கிட்டார்கள் சூழ நின்றபோதும் அவர் இதை விடவில்லை.

1967இல் ஸ்டிராப்ஸ் என்ற குழுவோடு டென்மார்க் சென்று கோபன்ஹேகனில் ஓர் ஆல்பத்துக்கான பாடல்களைப் பதிவு செய்தார். அது ஆறு ஆண்டுகள் கழித்து, 1973இல்தான் வெளிவந்தது. அந்தப் பதிவுகளில் அவர் எழுதிய 'ஹூ நோஸ் வேர் த டைம் கோஸ்' பாடலும் உண்டு. இடம்பெயரும் பறவைகளைப் பார்த்துக் காலம் கழிவதை யோசிக்கும் பாடல் அது. எழுதியபோது அவருக்கு இருபது வயதுதான் இருக்கும். அமெரிக்கப் பாடகி ஜூடி காலின்ஸ் 1968இல் அதைப் பாடித் தன் ஆல்பத்துக்கே அந்தப் பெயரை வைத்தார். அடுத்து நீனா சிமோன் மேடையில் பாடினார். எழுதியவரை இங்கிலாந்தில் பலருக்குத் தெரிவதற்கு முன்பே பாடல் கடல் கடந்துவிட்டது.

ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவில் டென்னி சேர்ந்தது 1968 மே மாதம். வடலண்டன் மஸ்வெல் ஹில்லைச் சேர்ந்த இளைஞர்கள் சேர்ந்து முந்தைய ஆண்டு தொடங்கிய குழு அது. ஒத்திகை பார்த்த வீட்டின் பெயர் 'ஃபேர்போர்ட்', அதையே குழுவுக்கும் சூட்டிக்கொண்டார்கள். அப்போது அவர்கள் வாசித்தது பெரும்பாலும் அமெரிக்கப் பாணிப் பாடல்கள். நாட்டுப்புற இசையும் ராக்கும் கலந்த ஃபோக் ராக் என்றால் அமெரிக்காவில் பாப் டிலனும் பேர்ட்ஸ் குழுவும் 1965இல் செய்ததுதான்: புதிதாக எழுதிய, சொற்செறிவுள்ள பாடலுக்கு மின்கிட்டாரும் டிரம்ஸும் சேர்ப்பது. ஃபேர்போர்ட் இளைஞர்கள் அதன் நல்ல மாணவர்கள். அவர்களிடம் இல்லாத ஒன்றை டென்னி கொண்டுவந்தார். நூற்றாண்டுகள் பழமையான ஆங்கிலேய, ஸ்காட்டியப் பாடல்கள் அவருக்கு மனப்பாடம்.

இங்கிருந்துதான் ஆங்கிலேய ஃபோக் ராக் என்ற தனி வகை பிறந்தது. கிளப்புகளில் அவர் பாடிவந்த 'எ செய்லர்ஸ் லைஃப்' என்ற பழம்பாடலை ஒருநாள் பாடிக் காட்ட, மற்றவர்கள் அதன் பின்னால் தங்கள் வாத்தியங்களோடு நடக்கத் தொடங்கினார்கள். காதலனான மாலுமியைத் தேடிப் படகில் போகும் பெண், அவன் மூழ்கிவிட்டான் என்று கேட்டுத் தன் படகையும் பாறையில் மோதி உடைத்துக்கொள்ளும் கதை. ஒலிப்பதிவுக் கூடத்தில் இது ஒரே டேக்கில் முடிந்தது. பதினோரு நிமிடம். முதல் பாதியில் குரலுக்குத் தாளமே கிடையாது. டென்னி தன் மூச்சின் அளவுக்கு வரிகளை நீட்டுகிறார், வாத்தியங்கள் அடியில் அலையாக அசைகின்றன. கதை முடிந்த பிறகுதான் டிரம்ஸ் நிலைபெற்று, ரிச்சர்ட் தாம்ப்சனின் கிட்டாரும் விருந்தினராக வந்திருந்த டேவ் ஸ்வார்பிரிக்கின் பிடிலும் ஒன்றையொன்று துரத்துகின்றன. பாடகி ஓய்ந்த இடத்தில் கடல் எழுகிறது என்று சொன்னால் மிகையில்லை.

இது இடம்பெற்ற 'அன்ஹாஃப்பிரிக்கிங்' ஆல்பத்தின் அட்டையில் குழுவின் பெயரும் இல்லை, தலைப்பும் இல்லை. விம்பிள்டன் வீட்டு வாசலில் டென்னியின் அப்பாவும் அம்மாவும் நிற்கிறார்கள். வேலியின் இடுக்கு வழியே தோட்டத்தில் உட்கார்ந்திருக்கும் குழு தெரிகிறது. குழந்தை வீட்டுக்குக் கூட்டிவந்த நண்பர்களை ஏற்பதா வேண்டாமா என்று யோசிக்கும் பெற்றோரின் முகம் அது. ஆங்கில இசைத்தட்டு அட்டைகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

அந்த ஆல்பம் கடைக்கு வருவதற்குள் குழு சிதறிவிட்டது. 1969 மே 12 அதிகாலை, பர்மிங்காமில் நிகழ்ச்சியை முடித்துத் திரும்பிய வேன் எம்1 நெடுஞ்சாலையில் உருண்டது. டிரம்ஸ் வாசித்த மார்ட்டின் லேம்பிளும் தாம்ப்சனின் தோழியும் இறந்தார்கள். லேம்பிளுக்கு வயது 19. டென்னி வேறு வண்டியில் வந்ததால் தப்பினார்.

குழுவைக் கலைத்துவிடலாமா என்று யோசித்தவர்கள், அதுவரை வாசித்துவந்த தங்கள் பாடல்கள் எதையும் இனி மேடையில் வாசிப்பதில்லை, புதிதாகத் தொடங்குவோம் என்று முடிவெடுத்தார்கள். கோடையில் ஹாம்ப்ஷயர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பெரிய வீட்டை வாடகைக்குப் பிடித்து எல்லோரும் அங்கேயே தங்கினார்கள். ஸ்வார்பிரிக் முழுநேரமாகச் சேர்ந்தார். நடனக் கூடங்களில் வாசித்துப் பழகிய டேவ் மேட்டாக்ஸ் டிரம்ஸுக்கு வந்தார். பேஸ் கிட்டார் வாசித்த ஆஷ்லி ஹட்சிங்ஸ் லண்டனில் நாட்டுப்புறக் கலைகளுக்கென இருக்கும் செசில் ஷார்ப் இல்லத்தின் நூலகத்துக்குப் போய்ப் பழம்பாடல் தொகுப்புகளைத் தோண்டினார். ஹார்வர்ட் பேராசிரியர் ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொகுத்த 305 கதைப்பாடல்கள் அந்த மரபின் ஆதாரம். நல்லதங்காள் கதையையும் முத்துப்பட்டன் கதையையும் கேட்டவர்களுக்கு இவற்றின் உலகம் அந்நியமாக இருக்காது: கள்ளக்காதல், கொலை, பழி, நேர்த்தியான கொடூரம். எல்லாவற்றையும் பதறாத குரலில் சொல்லிச் செல்லும் பாடகர்.

அந்தக் கோடையின் விளைவு 1969 டிசம்பரில் வெளிவந்த 'லீஜ் அண்ட் லீஃப்'. அதில் 'மேட்டி குரோவ்ஸ்' என்ற பாடலில் பிரபுவின் மனைவி ஊர் இளைஞன் ஒருவனைப் படுக்கைக்கு அழைக்கிறாள். பிரபு வந்து நிற்கிறார். வாள்சண்டை. இரண்டு சாவு. 'டேம் லின்' பாடலில் தேவதை அரசியிடம் சிக்கிய காதலனை மீட்கக் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி அவனை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். அவன் பாம்பாகவும் வேறு விலங்குகளாகவும் மாறிக்கொண்டே இருக்கிறான், அவள் விடுவதில்லை. பல்லவி கிடையாது, சரணத்தின் மேல் சரணம் வந்துகொண்டே இருக்கும். ராக் இசைக்கு இது ஒத்துவராத அமைப்பு. ஃபேர்போர்ட் கண்ட தீர்வு எளியது: வரிக்கும் வரிக்கும் இடையில் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்து வெட்டுகின்றன, குரல் எதற்கும் அசையாமல் கதையை முன்னால் கொண்டுபோகிறது. 2006இல் பிபிசி ரேடியோ 2 நேயர்கள் மிகுந்த தாக்கம் செலுத்திய ஃபோக் ஆல்பமாக இதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

டென்னியின் குரலில் அப்படி என்ன இருந்தது? வீச்சு பெரியதுதான், ஆனால் அதைக் காட்டிக்கொள்ள மாட்டார். பேச்சுக்கு அருகில், தாழ்ந்த சுருதியில் தொடங்குவார். ஒரே வரிக்குள் குரல் நிறைந்து எழும், அடுத்த சொல்லிலேயே மூச்சாகச் சுருங்கிவிடும். ஸ்காட்டிய மரபின் சிறு சிறு கமகங்களைச் சொல்லின் கடைசி அசையில் வைப்பார். கவனிக்காவிட்டால் தவறிப்போகும் அளவுக்குச் சிறியவை. இத்தகைய குரலுக்குப் பின்னணி முக்கியம். பக்கத்தில் இருப்பவர் கூர்ந்து கேட்டு, இடம் விட்டு வாசிக்க வேண்டும். தாம்ப்சனும் மற்றவர்களும் அப்படித்தான் வாசித்தார்கள். அவருடைய சிறந்த பதிவுகள் எல்லாமே ஒரு குழுவின் நடுவில் நின்று பாடியவை என்பது என் துணிபு.

ஆனால் 'லீஜ் அண்ட் லீஃப்' கடைக்கு வரும்போது அவர் குழுவில் இல்லை. ஹட்சிங்ஸ் இன்னும் ஆழமாகப் பழம்பாடலுக்குள் போக விரும்பினார், டென்னி தன் சொந்தப் பாடல்களைப் பாட விரும்பினார். நவம்பரில் இருவருமே விலகினார்கள். அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நெருக்கடி, விமானம் ஏறுவதென்றாலே அவருக்கிருந்த பயம், காதலர் டிரெவர் லூகாஸைப் பிரிந்திருக்க விருப்பமின்மை ஆகியவையும் சேர்ந்துகொண்டன. பழம்பாடலால் ஒரு வகையையே தொடங்கிவைத்தவர் அதில் அடைபட மறுத்தது அவருடைய உரிமை. கிளப் உலகத்தின் கறார்ப் பேர்வழிகள் அதைத் துரோகமாகப் பார்த்தார்கள் என்றால் தவறு அவர்கள் பக்கம்தான்.

வெளியே வந்ததும் அவர் தனிப் பாடகி ஆகவில்லை. இன்னொரு குழுவைத் தொடங்கினார். ஸ்காட்லாந்து அரசி மேரி சிறையிருந்து 1587இல் தலை வெட்டப்பட்ட கோட்டையைப் பற்றி அவர் முன்பே ஒரு பாடல் எழுதியிருந்தார். அந்தக் கோட்டையின் பெயரான 'ஃபாதரிங்கே' குழுவின் பெயரானது. ஆஸ்திரேலியரான லூகாஸ், கிட்டாரில் ஜெர்ரி டோனஹியூ, பேஸில் பேட் டொனால்ட்சன், டிரம்ஸில் ஜெர்ரி கான்வே. 1970 ஜூனில் ஆல்பம் வந்து பட்டியலில் 18ஆம் இடம் பெற்றது. மோசமான தொடக்கம் அல்ல.

தயாரிப்பாளர் ஜோ பாய்டுக்கு இதில் உடன்பாடு இல்லை. ஃபேர்போர்ட்டையும் பாடகர் நிக் டிரேக்கையும் உலகுக்குக் கொண்டுவந்த அமெரிக்கர் அவர். நட்சத்திரமாகக்கூடிய ஒருவர் நான்கு ஆண்களோடு மேடையையும் வருமானத்தையும் சமமாகப் பங்கிட்டுக்கொள்வது வீண் என்று அவர் நினைத்தார். வணிகக் கணக்கு அவர் பக்கம் இருந்தது. அந்த அக்டோபரில் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஃபாதரிங்கே நடத்திய பெரிய நிகழ்ச்சியும் கைகொடுக்கவில்லை. முன்னதாகப் பாட அழைக்கப்பட்ட எல்டன் ஜான் என்ற இளைஞர் பியானோவின் மீதே ஏறாத குறையாக ஆடிப்பாடி, அன்றைய இரவை அள்ளிக்கொண்டு போய்விட்டார். மெதுவாக, கண்ணை மூடிப் பாடும் ஒருவர் அதன்பின் மேடையேறுவது எவ்வளவு கடினம் என்று ஊகித்துக்கொள்ளலாம். இரண்டாவது ஆல்பம் பாதியில் நின்றது. 1971 ஜனவரியில் குழு கலைந்தது. அதே சமயத்தில் பாய்டும் தன் நிறுவனத்தை விற்றுவிட்டு வார்னர் பிரதர்ஸ் வேலைக்காக அமெரிக்கா போய்விட்டார். தனியாகப் போ என்று சொன்னவரும் இல்லை, உடனிருந்த குழுவும் இல்லை. டென்னியின் வாழ்க்கையில் திரும்பிவராத திருப்பம் என்று ஒன்றைச் சுட்ட வேண்டுமானால் நான் இந்த மாதத்தைத்தான் சுட்டுவேன்.

அதே ஆண்டு நவம்பரில் அவருடைய குரல் மிகப் பெரிய கூட்டத்தைச் சென்றடைந்தது, ஆனால் இன்னொருவர் ஆல்பத்தில். லெட் செப்பலின் என்ற ராக் குழுவின் நான்காவது ஆல்பத்தில் 'த பேட்டில் ஆஃப் எவர்மோர்' பாடலை அதன் பாடகர் ராபர்ட் பிளான்ட்டுடன் பாடினார். அந்தக் குழுவின் ஆல்பங்களில் விருந்தினராகப் பாடியவர் அவர் ஒருவரே. நான்கு உறுப்பினர்களும் தமக்கென ஆளுக்கொரு சின்னம் வைத்துக்கொண்ட அந்த ஆல்பத்தின் உறையில், டென்னிக்கும் மூன்று முக்கோணங்களால் ஆன சின்னம் ஒன்று உண்டு. உலகெங்கும் மூன்று கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற ஆல்பம் அது. இன்றும் அவர் குரலை முதலில் கேட்கிறவர்கள் பலரும் அங்கேதான் கேட்கிறார்கள், பலர் பெயர் தெரியாமலே.

தனி ஆல்பங்களுக்கு வருவோம். 1971இல் வந்த 'த நார்த் ஸ்டார் கிராஸ்மேன் அண்ட் த ரேவன்ஸ்' தாம்ப்சனின் உதவியோடு உருவானது. இருண்ட, கடல்வாடை வீசும் பாடல்கள். யாரைப் பற்றி எழுதுகிறார் என்று கண்டுபிடிக்க முடியாதபடி நண்பர்களையெல்லாம் மாலுமியாகவும் பறவையாகவும் வேடமிட்டு எழுதும் பழக்கம் அவருக்கு. அடுத்த ஆண்டு வந்த 'சேண்டி' தனி ஆல்பங்களில் மிகத் தெளிவானது என்பது பலர் கருத்து. புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் டேவிட் பெய்லி எடுத்த படம் அட்டையில். நிறுவனம் இது நிச்சயம் விற்கும் என்று நம்பியது, விற்கவில்லை. அதே 1972இல் லண்டன் சிம்பொனி இசைக்குழுவோடு பதிவான 'டாமி' ராக் ஆப்பராவில் செவிலியராகச் சில வரிகள் பாடினார். பாதியில் விட்ட வேலை பாட்டில் வந்து சேர்ந்தது.

மூன்றாவது ஆல்பத்தில் வயலின் கூட்டங்கள் பெருகின, முப்பது நாற்பதுகளின் ஜாஸ் பாடல்களும் சேர்ந்தன. இங்கே எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. நரம்பிசை ஏற்பாடுகள் அழகானவை, திறமையானவை, ஆனால் முன்கூட்டியே எழுதப்பட்டவை. பாடகி ஒரு சொல்லில் தயங்கினால் தாமும் தயங்கத் தெரியாதவை. நெகிழ்ந்து வளைந்த குரலுக்குப் பட்டுத்திரை விரித்தார்கள், பேசுவதற்கு எதிரில் ஆள் இல்லாமல் போயிற்று.

1973 செப்டம்பரில் லூகாஸைத் திருமணம் செய்துகொண்டார். லூகாஸும் டோனஹியூவும் அதற்குள் ஃபேர்போர்ட்டில் சேர்ந்திருந்தார்கள். 1974இல் டென்னியும் அங்கேயே திரும்பினார். தயாராகக் கிடந்த மூன்றாவது ஆல்பம் இதனால் தாமதமாகி, அவர் வேறு குழுவின் பெயரில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோது ஆதரிக்க ஆளின்றிக் கடைக்கு வந்தது. 1975இன் 'ரைசிங் ஃபார் த மூன்' ஆல்பத்தில் பாதிக்கு மேற்பட்ட பாடல்களில் அவருடைய எழுத்து இருந்தது. அதுவும் 52ஆம் இடத்தோடு நின்றது. ஆண்டு முடிவில் மறுபடி விலகல்.

அதன்பிறகு நடந்தவற்றை நீட்ட விருப்பமில்லை. நார்த்தாம்ப்டன்ஷயரின் பைஃபீல்டு கிராமத்து வீடு, கூடிய குடி, சிதைந்துகொண்டிருந்த மணவாழ்வு. 1977 மே மாதம் வெளிவந்த 'ராந்தேவூ' அந்தக் காலத்து மினுமினுப்பான ஒலியைத் துரத்திப் பிடிக்கப் பார்த்த ஆல்பம். அதே ஆண்டு நாடெங்கும் பங்க் என்ற முரட்டு ராக் இசையின் அலை அடித்துக்கொண்டிருந்தது. ஜூலையில் மகள் பிறந்தாள். நவம்பர் 27 அன்று லண்டன் ராயல்டி தியேட்டரில் பாடியது அவருடைய கடைசிப் பெரிய நிகழ்ச்சி. 1978 மார்ச் இறுதியில் பெற்றோருடன் கார்ன்வாலில் விடுமுறையில் இருந்தபோது படியில் விழுந்து தலையில் அடிபட்டது. தலைவலி நீடித்தது. ஏப்ரலில் லூகாஸ் குழந்தையோடு ஆஸ்திரேலியா புறப்பட்டுப் போனார். 17ஆம் தேதி தோழி வீட்டில் மயங்கி விழுந்த டென்னி, 21ஆம் தேதி விம்பிள்டனின் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் மூளை ரத்தக்கசிவால் காலமானார். புட்னி வேல் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

புகழ் பின்னால் வந்தது. 2007இல் பிபிசி ரேடியோ 2 நேயர்கள் எக்காலத்துக்கும் பிடித்த ஃபோக் பாடலாக 'ஹூ நோஸ் வேர் த டைம் கோஸ்' பாடலைத் தேர்ந்தெடுத்தார்கள். 2010இல் அவருடைய பதிவுகள் 19 குறுந்தகடுகள் கொண்ட பெட்டியாக வந்தன. மெட்டமைக்காமல் குறிப்பேடுகளில் விட்டுச்சென்ற வரிகளுக்கு 2011இல் தியா கில்மோர் இசையமைத்துப் பாடினார். என் பார்வையில் இவற்றைவிட முக்கியமானது 2008இல் நடந்தது. டோனஹியூவும் கான்வேயும் டொனால்ட்சனும் 1970இன் பாதி முடிந்த ஒலிநாடாக்களை எடுத்து, விடுபட்டிருந்த வாசிப்புகளைச் சேர்த்து, ஃபாதரிங்கேயின் இரண்டாவது ஆல்பத்தை முடித்து வெளியிட்டார்கள். அதைக் கேட்டால் 1971 ஜனவரியில் கலைந்தது தோல்வியடைந்த குழு அல்ல, இன்னும் ஓராண்டு கிடைத்திருந்தால் தன் வழியைக் கண்டுபிடித்திருக்கக்கூடிய குழு என்று தெரியும்.

புதிதாகக் கேட்க விரும்புகிறவர்கள் 'அன்ஹாஃப்பிரிக்கிங்'கில் தொடங்கலாம். பிறகு 'லீஜ் அண்ட் லீஃப்', ஃபாதரிங்கேயின் இரண்டு ஆல்பங்கள், அப்புறம் 'நார்த் ஸ்டார்', 'சேண்டி'. 'ராந்தேவூ' கடைசிக்கு இருக்கட்டும். அதற்குள் பழகிவிட்ட காது, மினுமினுப்புக்கு அடியிலிருந்து அவரைத் தனியே பிரித்தெடுத்துவிடும்.